மிச்சம் மூன்று நிமிடம்

விசிலை வாயில் வைத்திருக்கும்போது கோபத்தை மறைப்பது எளிது. பல்லை எவ்வளவு அழுத்திக் கடித்தாலும், ஆட்டத்தில் கவனமாக இருக்கிறேன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். லீவு நாட்களில் சுற்றுவட்டாரக் கபடிப் போட்டிகளுக்கு நடுவராகப் போவேன், பெண்கள் ஆட்டங்களுக்கு மட்டும். ஆண்கள் ஆட்டத்துக்கும் ஊதுகிற தகுதி எனக்கு உண்டு. கூப்பிடத்தான் ஆள் இல்லை. "ஆம்பளைக மேட்ச்சுல தள்ளுமுள்ளு வரும் டீச்சரம்மா, உங்களுக்கு எதுக்கு அந்தப் பாடு" என்பார்கள். என்மேல் எம்புட்டு அக்கறை! பெண்கள் ஆட்டத்தில் வருகிற தள்ளுமுள்ளை அவர்கள் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்.

பொங்கல் வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் கபடி இல்லாத ஊர் குறைவு. ரோட்டோரமெல்லாம் ஃப்ளெக்ஸ். அதில் பிரமுகர்கள் படம் ஆளுயரத்துக்கு இருக்கும், ஆண்கள் கோப்பை அரை ஆள் உயரத்துக்கு இருக்கும். அடியில் ஓரமாக, ஃப்ளெக்ஸ் கட்டிய கயிறு மறைக்கிற இடத்தில், 'பெண்களுக்கான ஆட்டமும் நடைபெறும்' என்று ஒரு வரி. எலுமிச்சை ஸ்பூன், கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் ஆகியவற்றோடு சேர்த்து அதையும் போட்டிருப்பார்கள். கோலத்துக்கும் கபடிக்கும் பரிசு ஒன்றுதான், எவர்சில்வர் பாத்திரம்.

சரி, பாத்திரமாவது வீட்டுக்கு உதவும் என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது வேறொன்று. பெண்கள் ஆட்டத்தை எந்த நேரத்தில் வைக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். சிறப்பு விருந்தினர் நான்கு மணிக்கு வருவதாக ஃப்ளெக்ஸில் இருக்கும். அவர் நான்கு மணிக்கு வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அவர் வருகிறவரைக்கும் கூட்டம் கலையாமல் இருக்க ஏதாவது நடக்க வேண்டும். அதற்குப் பெண்கள் இறுதி ஆட்டம். கார் தாமதமானால், "டீச்சரம்மா, செத்த நேரம் இழுங்க" என்பார்கள். கார் சீக்கிரம் வந்துவிட்டால் வெட்டச் சொல்வார்கள். பந்தியில் சாம்பார் வருவதற்குள் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இருப்பார்களே, அதுமாதிரி ஒரு வேலைதான் எங்களுக்கு.

நான் சொல்லப்போகிற போட்டி சில வருடங்களுக்கு முன் நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் வன்னியம்பட்டிப் பெண்கள், மறுபக்கம் ராஜபாளையத்து மில்லில் வேலை பார்க்கிற பெண்கள். வன்னியம்பட்டி கேப்டன் காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நெட்டையான பெண், நீளக் கால்கள். ரெய்டுக்குப் போனால் எதிராளிக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டே பாதத்தை நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு ரெய்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி. அங்கே போனால் மாநில அணி வரைக்கும் போவாள் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அவளுடைய அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து தோட்டம் பார்க்கிற மனிதர். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "இந்தப் பொங்கலுக்கு முதல் பரிசு வாங்கு, அனுப்புதேன். தோத்துட்டேன்னு வையி, இத்தோட கபடி ஆடக்கூடாது. பொறவு அழுது காரியமில்ல." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். வேறு என்ன செய்வாள்? அவள் முன்னால் இருந்த ஒரே கதவு அதுதான்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் கமிட்டிச் செயலாளர் என்னிடம் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் அடையாள ரிப்பன், கையில் மைக்.

"டீச்சரம்மா, ரெண்டு புள்ளைகளை அனுப்புங்க. வாசல்ல பன்னீர் தெளிக்க ஆள் வேணும்."

"அவங்க வார்ம் அப் பண்ணிட்டு இருக்காங்க. இப்ப ஃபைனல்."

"தெரியும் தெரியும். செத்த நேரந்தான். இந்த டவுசரோட வேண்டாம், ஒரு பாவாடை தாவணி சுத்திக்கிடச் சொல்லுங்க. வாரவுக முன்னாடி பாக்க லெச்சணமா இருக்கணும்லா."

வாசலில் ஆண்கள் அணிகள் எட்டு நின்றுகொண்டிருந்தன. எட்டு அணியிலும் சும்மா நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவனைப் பன்னீர் தெளிக்கக் கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முடியாது என்றேன். அவர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்ததை முகத்தில் ஒளிக்கவும் இல்லை. திமிர்தான். அது இல்லாமல் இந்த மைதானங்களில் ஒரு பெண் இருபது வருடம் நிற்க முடியாது.

ஆட்டம் தொடங்கியது. சாயங்கால வெயில் மலைப்பக்கமிருந்து நேராக மைதானத்தில் அடித்தது. முதல் பாதியில் வன்னியம்பட்டிக்குக் கண்கூச்சம், இரண்டாம் பாதியில் மில் பெண்களுக்கு. மில் அணியின் கேப்டன் குட்டையான, இறுகிய உடம்புக்காரி. ஒரு தடவை கணுக்காலைப் பிடித்துவிட்டால் விடவே மாட்டாள். எந்த அணி முன்னால் போனாலும் அடுத்த அணி இரண்டு ரெய்டில் எட்டிப் பிடித்தது. சும்மா வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியும் கையுமாகக் கோட்டோரம் வந்து நின்றார். நெட்டைப் பெண்ணின் அப்பா முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. வன்னியம்பட்டி ஒரு பாயிண்ட் பின்னால். நெட்டைப் பெண் ரெய்டுக்குப் போனாள். மூலையில் நின்றவளின் முழங்காலை விரலால் தொட்டாள், நான் என் கண்ணால் பார்த்தேன். திரும்பி நடுக்கோட்டுக்குப் பாய்ந்தாள். கோட்டுக்கும் அவளுக்கும் ஒரு எட்டு.

அந்த நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. வாசலில் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். "நம்முடைய அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும்..." என்று மைக் அலறியது. கோட்டோரம் நின்ற கூட்டம் பாதி வாசலுக்கு ஓடியது. ஓடியவர்கள் சுற்றிக்கொண்டு போகவில்லை, மைதானத்துக்குள் புகுந்து போனார்கள். ஒரு ஆள் அவள்மேல் மோதினான். அவள் கீழே விழுந்தாள், நடுக்கோட்டைத் தொடாமல், எதிரணிப் பக்கத்திலேயே.

ஆட்களை வெளியேற்றுவதற்காக நேரத்தை நிறுத்துகிற விசிலை ஊதினேன். கையில் இருந்த ஸ்டாப் வாட்சையும் நிறுத்தினேன். பிரமுகர் அந்த மைதானத்தின் நடுவிலேயே நடந்து வந்தார். கோலமாவில் போட்டிருந்த எங்கள் ஆட்டத்துக் கோடுகள் செருப்புகளில் ஒட்டிக்கொண்டு மேடைவரை போயின. பொன்னாடைகள் போர்த்தினார்கள். போர்த்தினார்கள், போர்த்தினார்கள், அம்புட்டுப் பொன்னாடைக்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். என் பெண்கள் பதினான்கு பேரும் வேர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்து போய் நின்றார்கள். பிறகு பேச்சு. பெண்கள் நாட்டின் கண்கள் என்றார் பிரமுகர்.

பேச்சு முடிந்ததும் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாகப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் வெற்றி பெற்றதாக விழாக் கமிட்டி அறிவிக்கிறது."

நான் மேடைக்கு ஓடினேன். மூன்று நிமிடம்தான், இப்போதே முடித்துவிடலாம் என்றேன். அவர் மைக்கை மார்போடு பொத்திக்கொண்டு சிரித்தார். "விடுங்க டீச்சரம்மா. பொம்பளப் புள்ளைகளுக்குள்ள எதுக்குப் போட்டி பொறாமை? அக்கா தங்கச்சி மாதிரி ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிடட்டும். ஆம்பளைக செமி ஃபைனலு நிக்குதுல்லா."

அந்தப் போட்டியில் பாத்திரத்துக்குப் பதில் கோப்பை, அதுவும் ஒரே கோப்பை. அதற்கு இரண்டு கைப்பிடி. இரண்டு கேப்டன்களையும் ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் சாவு வீட்டுக் களை. "சிரிங்கம்மா" என்றான் படம் எடுத்தவன்.

அதோடு முடிந்திருந்தால்கூட எனக்கு இந்த அளவுக்கு ஆத்திரம் வந்திருக்காது. ஆண்கள் அரையிறுதி நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு பிரமுகர் வந்தார், முதலில் வந்தவரைவிடப் பெரிய ஆள். வெடி போட ஒருவன் தீப்பெட்டியை எடுத்தான். செயலாளர் மைக்கிலேயே அவனை அதட்டினார். "ஏலே, பொறு. வந்தவுக செத்த நேரம் உக்காரட்டும். ரெய்டு முடியட்டும்."

ரெய்டு முடியட்டும். ஆக, இவர்களுக்கு அது தெரியும். ஒரு ரெய்டின் நடுவில் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்பது தெரியாமல் நடந்த தவறு இல்லை. தெரிந்திருந்தும் பெண்கள் ஆட்டத்தை அவர்கள் ஆட்டமாகவே நினைக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி மேடையில் எறிந்திருப்பேன். பள்ளிக்கூட வேலை என்னைப் பிடித்து வைத்தது.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நெட்டைப் பெண் அப்பாவிடம் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, முதல் பரிசுன்னுதானே சொன்னாங்க."

"பாதிக் கப்பு முதல் பரிசாட்டி? ஜெயிச்சா ஜெயிச்சேன்னு சொல்லு, தோத்தா தோத்தேன்னு சொல்லு. ரெண்டுங்கெட்டானா வந்து நிக்காத."

எனக்கு அந்த ஆளைக் கடித்துக் குதறலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில், ஆட்டம் முடிய வேண்டும் என்று என்னைத் தவிர நினைத்த ஒரே ஆள் அவர்தான். நான் நடுவில் புகுந்தேன்.

"ஆட்டம் இன்னும் முடியலைங்க. நான் ஊதினது நேரத்தை நிறுத்துற விசில். முடிவு விசில் ஊதலை. நடுவர் ஊதாம மேட்ச் முடியாது. மைக்ல சொன்னா முடிஞ்சிராது." ஸ்டாப் வாட்சை எடுத்து அவர் கண் முன்னால் காட்டினேன். மூன்று நிமிடம் அதில் அப்படியே நின்றது. "நாளைக்குக் காலையில இதே இடத்துல மிச்சத்தை ஆடுவாங்க. வந்து பாருங்க."

அவர் வாட்சைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "சரி, வாரேன்" என்றார்.

மில் அணி சம்மதிக்க வேண்டுமே. அவர்கள்தான் முன்னால் இருந்தவர்கள். திரும்ப ஆடினால் அவர்களுக்கு நஷ்டம்தான் வரலாம். அந்தக் கேப்டனைத் தேடிப்போய்ச் சொன்னேன். இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "முன்னால நின்னது நானு டீச்சர். என் ஜெயிப்பைப் பாதியா வெட்டிக் குடுத்துட்டாங்க, அதை வச்சு நான் என்ன பண்ண? ஷிஃப்டு முடிஞ்சு நேரா வந்துருதோம்" என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தோம். மைதானம் முழுக்க வெடிக் காகிதம், பேப்பர் கப். ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. ஆண்கள் ஆட்டத்துக்கான பெரிய கட்டம் அப்படியே இருந்தது. எங்கள் சின்னக் கட்டம் தேய்ந்து போயிருந்தது. கோலப்போட்டியில் மிஞ்சிய பொடி மூட்டை மேடைக்கு அடியில் கிடந்தது, ரோஸ் கலர். வன்னியம்பட்டிப் பெண்களே அதை எடுத்துக் கயிறு பிடித்துக் கோடு போட்டார்கள். மில் பெண்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த கால்கள், தலைமுடியில் பஞ்சுத் துகள். பார்க்க வந்திருந்தது இரண்டு மூன்று தாய்மார்கள், பேப்பர் பொறுக்க வந்த ஒரு அம்மா, மோட்டார் பைக்கில் சாய்ந்து நின்ற நெட்டைப் பெண்ணின் அப்பா. அவ்வளவுதான் கூட்டம். வெடி போட ஆள் இல்லை.

முந்தின நாள் விழுந்தபோது நெட்டைப் பெண் கோட்டைத் தாண்டவில்லை. அதனால் அந்தத் தொடுதலுக்கு நான் பாயிண்ட் கொடுக்க முடியாது. ரெய்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதை அவளிடம் சொன்னேன். தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தொட்டாள். திரும்பிவிட்டாள். சமநிலை. அடுத்து மில் அணியின் ரெய்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியே இரண்டு பக்கமும் தடுத்துத் தடுத்து நேரம் ஓடியது. கடைசி ரெய்டு நெட்டைப் பெண்ணுக்கு வந்தது. தொடாமல் திரும்பியிருந்தால் சமநிலையிலேயே முடிந்திருக்கும். முந்தின நாள் வாங்கிய அதே பாதிக் கப்பு. அவள் அதை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள் என்பது அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போன ஆழத்திலேயே தெரிந்தது. காலை நீட்டினாள். மில் கேப்டன் கீழே பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். நெட்டைப் பெண் கைகளை ஊன்றி, நகங்களில் ரோஸ் பொடி ஏறத் தவழ்ந்தாள். விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தபோது 'கபடி கபடி' என்று அவள் பிடித்திருந்த மூச்சு அறுந்துவிட்டது.

அந்த ஒரு பாயிண்டில் மில் அணி ஜெயித்தது. முடிவு விசிலை நான்தான் ஊத வேண்டும். ஊதினேன்.

மில் கேப்டன் எழுந்து அவளைத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். அழுதது யார், சிரித்தது யார் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதற்குள் அப்பா பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

நான் அவரிடம் போய்க் கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "உங்க மகன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்ல தோத்துட்டு வாரான். அவனை நிப்பாட்டினீங்களா? புது பேட்டு வாங்கிக் குடுத்தீங்க. தோத்தா ஆடக்கூடாதுங்கிற சட்டம் இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"அவன் ஆம்பளப் பய டீச்சர்" என்றார், மரியாதையாக. குரல்கூட உயரவில்லை. வானம் மேலே இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா. ஏட்டி, ஏறு வண்டியில."

அவள் ஏறவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, நகத்தில் ரோஸ் பொடி. அப்பாவைப் பார்த்து, "ஆடக்கூடாதுன்னுதானேப்பா சொன்னீங்க. ஆடல. விசில் ஊதக்கூடாதுன்னு சொல்லலையே" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதரால், சொல்லாத சொல்லை வைத்து அவளை மடக்க முடியவில்லை. தனியாகவே கிளம்பிப் போனார். அவள் என் பக்கம் திரும்பி, நடுவர் பயிற்சிக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டாள்.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் சந்தோஷப்படுகிறார்கள். "பரவாயில்லையே, புள்ள கெட்டிக்காரி, வழி கண்டுபிடிச்சுட்டா" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன பரவாயில்லை? அந்தக் கால்கள் ரெய்டுக்குப் பிறந்த கால்கள். அவள் விடுதிக்குப் போகவில்லை. அந்த இடம் வேறு யாருக்கோ போனது. இந்த ஊர் ஒரு ரெய்டரைத் தின்று ஏப்பம் விட்டது, அதற்குப் பதிலாக ஒரு நடுவர் கிடைத்தாளே என்று நான் கைதட்ட வேண்டுமாம். பையன்களுக்கு இரண்டும் கிடைக்கும், ஆடவும் செய்யலாம், பின்னால் ஊதவும் செய்யலாம். எங்கள் பெண்கள் மட்டும் ஒன்றைத் தொலைத்துத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு ஊரில் போட்டி. நடுவராக நான் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். பெண்கள் ஆட்டத்துக்கு விசில் அவள் கழுத்தில் தொங்கியது. இரண்டாம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது கார் வந்து நின்றது. வெடி வெடித்தது. "நம்முடைய அழைப்பை ஏற்று..." என்று மைக் தொடங்கியது. கூட்டம் அசைந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண் ரெய்டில் இருந்தாள், சத்தத்தில் தடுமாறி நடுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் ஊதவில்லை. கோட்டோரம் நடந்து போய், மைதானத்துக்குள் கால் வைக்கப்போன பிரமுகருக்கும் அவருடைய பரிவாரத்துக்கும் முன்னால் நின்று, அந்த நீளக் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"ரெய்டு முடியட்டும்" என்றாள்.

பிரமுகர் தோளில் பாதி விழுந்த பொன்னாடையோடு வெயிலில் நின்றார். ரெய்டு முடிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த ரெய்டு தொடங்கியது.